சாளரியின் பெருமூச்சு

விலா எலும்புகள் கூரை போட்டுக் கொடுத்த இடத்தில், மூச்சு ஏறி இறங்கும்போதெல்லாம் தானும் கொஞ்சம் ஏறி இறங்கும் ஓர் ஊர் இருந்தது. ஈரலூர் என்று பெயர். பூமயில் என்ற பெண்ணின் உடம்புக்குள் இருந்த ஊர்களில் அது பெரிய ஊர். பூமயிலுக்கு அது தெரியாது. நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு சேலைகளை விரித்துக் காட்டுவது அவள் வேலை. எந்தச் சேலை எந்த அடுக்கில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். தன் ஈரல் எந்தப் பக்கம் இருக்கிறதென்று கேட்டால் சிரிப்பாள்.

ஈரலூரில் தெரு என்று தனியாக எதுவும் இல்லை. எல்லாம் ஓடைகள். ஒவ்வோர் ஓடையிலும் இரண்டு ஆறுகள் வந்து கலக்கும். குடலூரிலிருந்து வருகிறவள் வாசலாறு. சந்தைக்குப் போய்த் திரும்புகிறவளைப் போல இடுப்பில் ஒரு சுமை, தலையில் ஒரு சுமை. சர்க்கரையும் சத்தும் அதில் இருக்கும். அழுக்கும் கொஞ்சம் நஞ்சும்கூட இருக்கும். நெஞ்சூரிலிருந்து வருகிறவன் செவ்வாறு. ஒல்லி உடம்பு, அவசர நடை, புதுக்காற்றைத் தவிர கையில் வேறு எதுவும் கிடையாது. இந்த இருவரும் சேர்ந்து நடக்கிற ஓர் ஓடையின் கரையில் சாளரி இருந்தாள். சரியாகச் சொன்னால், கரையே அவள்தான். வெங்காயத்தோலைவிட மெல்லிய உடம்பை ஓடையின் ஓரமாக விரித்துப் படுத்திருந்தாள். அவளுக்கு அடுத்து அவள் தங்கை, அதற்கடுத்து இன்னொரு தங்கை என்று ஓடை போகும் தூரம் வரை கரைப்பெண்கள்.

சாளரியின் உடம்பெல்லாம் சன்னல். கதவோ கம்பியோ இல்லாத சின்னஞ்சிறு சன்னல்கள், இட்லித் துணியின் கண்களைப் போல. அவளுக்குப் பின்னால் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு முடுக்கு. முடுக்கைத் தாண்டினால் ஆறுமுகத்தம்மாளின் வீடு. ஆறு சுவரும் ஒரே அடுக்களையுமாக இருந்த வீடு அது. வாசலாறு கொண்டுவரும் சரக்கெல்லாம் சாளரியின் சன்னல் வழியாக முடுக்குக்குள் சிந்தும். அங்கிருந்து அதை அள்ளிக்கொண்டு போய் ஆறுமுகத்தம்மாள் வடிகட்டுவாள், காய்ச்சுவாள், சர்க்கரையை உருண்டை பிடித்துப் பரணில் வைப்பாள், நஞ்சை முறித்துப் போடுவாள், பித்தநீரை இறக்கி வேறொரு வாய்க்காலில் அனுப்புவாள். இத்தனையும் செய்துகொண்டே பேசவும் செய்வாள். அவள் வாய் ஓய்ந்தால்தான் அக்கம்பக்கத்தில் பயப்படுவார்கள்.

அந்த முடுக்கில் ஒருவர் குடியிருந்தார். விண்மணி அண்ணாச்சி. நட்சத்திரத்துக்குக் கூர்கள் இருப்பதைப் போல அவருக்கு நாலா பக்கமும் நீண்ட கைகள். அந்தக் கைகளால் சாளரியையும் ஓடையையும் சேர்த்துப் பின்பக்கமாக அணைத்துக்கொண்டிருப்பார். மடியில் பொன்துளிகள் மின்னும். மாம்பழத்திலிருந்தும் முருங்கைக்கீரையிலிருந்தும் ஆறுமுகத்தம்மாள் வடித்துக் கொடுத்து வைத்த துளிகள். ஊருக்குத் தேவைப்படும்போது எடுத்துக் கொடுப்பார். அதிகம் பேச மாட்டார்.

ஓடைக்குள்ளேயே காலை ஊன்றி உட்கார்ந்திருந்தவர் காவல்காரர் குப்பமுத்து. தண்ணீரில் கெட்டது எது கண்ணில் பட்டாலும் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். சாப்பாடும் காவலும் ஒரே வேலையாக அமைந்த பாக்கியவான்.

பூமயில் சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில் ஊர் களைகட்டும். வாசலாறு சுமையோடு புரண்டு வருவாள். அவள் முந்தானை சாளரியின் உடம்பை உரசிக்கொண்டு போகும். அந்த உரசலில் சாளரிக்கு எங்கோ சிலிர்க்கும். உடனே ஒரு பெருமூச்சு வரும். பிறந்த கணத்திலேயே கரைந்துவிடுகிற மூச்சு. முடுக்கைத் தாண்டிக் கேட்காது. அது ஏன் வருகிறதென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த நேரம் பார்த்து ஓடை கொஞ்சம் அகன்றுவிடும், வெள்ளம் இடறாமல் போய்விடும், எல்லாரும் கலகலவென்று வேலை பார்ப்பார்கள். அது அவர்களுக்கு மழை பெய்வதைப் போல, தானாக நடப்பது. யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

பெருமூச்சைப் பற்றி யோசித்தவர் குப்பமுத்து ஒருவர்தான், அதுவும் கேலிக்காக.

"என்ன பிள்ளே, மாப்பிள்ளை துபாயில இருக்கிற மாதிரி மூச்சு விடுதே?" என்பார்.

தங்கைகள் சிரிப்பார்கள். சாளரியும் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்கு அதில் சின்னதாக ஒரு வெட்கம் இருந்தது. ஏதோ பலவீனம், வயதுக்குப் பொருந்தாத வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கையில் ஒருநாள் அந்த ஓடை வழியாகத் தட்டையன் வந்தான்.

தட்டையன் ஊர் ஊராகப் போகிறவன். தட்டையான சிறிய ஆள். உடம்பில் எங்கே கீறல் விழுந்தாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு ஒழுகலை அடைப்பது அவன் தொழில். போனவாரம் பூமயில் வெண்டைக்காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டாளே, அன்று முதலில் போய் நின்றது தன் கூட்டம்தான் என்று ஓடை முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தான். நல்லவன். ஓட்டை அடைத்து அடைத்து அவனுக்கு உலகமே ஓட்டையும் ஓட்டை இல்லாததுமாக இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

சாளரியைப் பார்த்ததும் அவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அடப்பாவமே. எந்தப் படுபாவி ஒன்ன இப்படிக் குத்திப் போட்டான், தாயி?"

சாளரி முதலில் யாரைக் கேட்கிறான் என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு, யாரும் குத்தவில்லை, தான் எப்போதும் இப்படித்தான் என்று சொன்னாள். "பிறந்ததுலேருந்தேவா?" என்று கேட்டு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். பெண் பார்க்க வந்த இடத்தில் குறை தெரிந்துவிட்டவர்கள் குரலைத் தாழ்த்துவார்களே, அப்படி.

அவன் அடைத்துவிடலாம் என்றுதான் கிட்டே வந்தான். ஆனால் அந்தச் சன்னல்களில் இரத்தம் ஒழுகவில்லை. ஒழுகாத ஓட்டையில் அவனால் ஒட்ட முடியாது. ஏன் ஒழுகவில்லை என்று ஒரு கணம் யோசித்தான். வழியில் நின்று யோசித்துப் பழக்கமில்லாததால் விட்டுவிட்டான். அதற்குப் பதிலாகத் தலைநகரைப் பற்றிச் சொன்னான்.

தலைநகர் என்றால் தலைக்குள் இருக்கிற நகர். அங்கேயும் கரைப்பெண்கள் உண்டு. ஆனால் அவர்களுடைய அந்தஸ்தே வேறு. தோளோடு தோள் ஒட்டி, ஊசி நுழைய இடமில்லாமல் நிற்பார்கள். குடலூர்ச் சரக்கு கண்டபடி உள்ளே போக முடியாது. சர்க்கரையே சொல்லி அனுமதி வாங்கித்தான் போகவேண்டும். ஒரு சன்னல்கூடக் கிடையாது. உடம்பு பளிங்கு மாதிரி இருக்கும். இப்படியெல்லாம் சொல்லிவிட்டு, போகிற போக்கில் கடைசியாக ஒன்று சொன்னான்.

"அங்க யாரும் பெருமூச்சு விட்டு நான் பாத்ததில்ல. அது ஏங்கிக் கெடக்கிறவங்க செய்யிற வேலை."

அவன் போய்விட்டான். சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எப்போதும் லேசாகத்தான் போகிறார்கள். கேட்டவள் கனத்துப்போய்க் கிடந்தாள்.

அதுவரை அவள் தன் சன்னல்களை எண்ணியதில்லை, பார்த்ததுகூட இல்லை. இப்போது ஒவ்வொன்றும் தெரிந்தது. சந்தைச் சரக்கு தன் உடம்பைத் துளைத்துக்கொண்டு போவதாகத் தோன்றியது. ஆறுமுகத்தம்மாள் அந்தப் பக்கம் இருந்து, "ஏட்டி, இன்னிக்கு என்ன, மரச்சீனிக்கிழங்கா?" என்று கேட்டது அவளுக்கு அசிங்கமாக இருந்தது. சுவர் என்று ஒன்று இருந்தால் இப்படி யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு சன்னலை மூடிப் பார்த்தாள். வலிக்கவில்லை. இன்னொன்றை மூடினாள். மூடிய இடத்தில் அடியில் ஒரு பாயை நெய்து விரித்தாள், மறுபடி திறந்துவிடாமல் இருக்க. பெருமூச்சு வரும்போது உதட்டைக் கடித்து விழுங்கினாள். முதலில் கஷ்டமாக இருந்தது. பிறகு உடம்பை விறைத்துக்கொண்டால் உரசலே தெரியாது என்று கண்டுபிடித்தாள். வாசலாறு எத்தனை அன்பாக உரசிப் போனாலும் கல்லின் மேல் தண்ணீர் போவதாக இருந்தது.

ஒரு வீட்டில் கிரானைட் போட்டால் தெருவே கிரானைட் போடும் இல்லையா? தங்கைகளும் ஒவ்வொருத்தியாகச் சன்னலை மூடிப் பாய் விரித்தார்கள். ஓடை பளபளவென்று ஆனது. குப்பமுத்து ஒருநாள் வழுக்கி விழுந்தார். காலை ஊன்ற இடம் இல்லையே என்று முனகினார். சாளரிக்கு அது ஒரு பாராட்டாகத்தான் பட்டது.

தலைநகரைப் போலாகிவிட்டோம் என்று கரைப்பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்ட நாட்களில், முடுக்குக்கு அந்தப்பக்கம் அடுப்பு அணைய ஆரம்பித்தது.

ஆறுமுகத்தம்மாள் முதலில் வாசலாறு தாமதமாக வருகிறாள் என்று நினைத்தாள். பிறகு, "ஏட்டி சாளரி, சந்தை வந்தாச்சா?" என்று கேட்டாள். பாயைத் தாண்டி அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போல வந்தது. சாளரி பதில் சொல்லவில்லை. தலைநகரில் சுவர் வழியாகப் பேச மாட்டார்கள். ஆறுமுகத்தம்மாள் சுவரைத் தட்டினாள். திட்டினாள். பரணில் இருந்த சர்க்கரை உருண்டைகளை எடுத்துச் சமாளித்தாள். அப்புறம் அவள் சத்தம் குறைந்தது. ஒருநாள் நின்றே போனது.

விண்மணி அண்ணாச்சியிடமும் மாற்றம் தெரிந்தது. மடியில் இருந்த பொன்துளிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கைகள் தடித்தன. அணைப்பாக இருந்தது பிடியாக இறுகியது. அது போதாதென்று அவர் கயிறு திரிக்க ஆரம்பித்தார். திரித்த கயிற்றைச் சாளரியின் முதுகுப்பக்கம் சுற்றிச் சுற்றிக் கட்டினார். ஓடை ஒடுங்கிக்கொண்டே வந்தது. வாசலாறு முண்டி முண்டிப் போனாள். சில வேளை வந்த வழியே திரும்பிக் குடலூரில் போய்த் தேங்கினாள்.

வெளியே பூமயிலுக்கு வயிறு கல்லைக் கட்டிய மாதிரி இருந்தது. தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். கடையில் சேலையை விரித்துவிட்டு மடிக்கச் சோம்பி அப்படியே நின்றாள். பக்கத்தில் வேலை பார்த்தவள், என்னக்கா, முகம் இப்படி வெளிறிக் கிடக்கு என்று கேட்டாள். பூமயில் நல்ல சாப்பாட்டுக்காரி. தம்பி மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பந்தியில் உட்கார்ந்து அடைப்பிரதமன் பாயசம் சாப்பிடுவதைப் பற்றி நிச்சயதார்த்தத்தன்றே பேச ஆரம்பித்தவள், இப்போது முந்திரிக்கொத்து பொரிக்கும் வாசனைக்கே முகத்தைச் சுளித்தாள்.

கல்யாணச் செய்தி ஈரலூருக்கும் வந்திருந்தது. ஆறுகள்தானே செய்தி கொண்டுவருகிறவர்கள். தங்கைகள் பயந்தார்கள். சாதாரணச் சாப்பாட்டுக்கே ஓடை திணறுகிறது, கல்யாணச் சாப்பாடு வந்தால் என்ன ஆவது?

அந்த நாள் வந்தது. மண்டபத்தில் காலைப் பந்தி. பூமயில் மனசில்லாமல்தான் உட்கார்ந்தாள். தம்பி மனைவி கட்டாயப்படுத்தி இரண்டு இட்லி, ஒரு வடை, கேசரி வைத்தாள், ஒரு தம்ளர் சுக்குக்காப்பியும் தந்தாள். அதுவே வெள்ளமாகிவிட்டது. வாசலாறு தலையிலும் இடுப்பிலும் சுமையோடு ஓடை முகத்தில் வந்து நின்றாள். உள்ளே நுழைய இடமில்லை. பின்னாலிருந்து குடலூர்க்காரர்கள் தள்ளினார்கள். தண்ணீர் தெருவில் ஏறுகிறது, ஏதாவது செய்யுங்கள் என்று ஆளனுப்பினார்கள். மதியம் பெரிய பந்தி இருக்கிறது, அடைப்பிரதமன் மூன்று அண்டா இறக்கியிருக்கிறார்கள் என்றும் சொல்லியனுப்பினார்கள். கடைசிச் செய்தியைக் கேட்டுக் கரைப்பெண்கள் அழாத குறை.

எல்லாருக்கும் விண்மணியின் மேல்தான் கோபம். ஓடையை நெரிப்பது அவருடைய கைகள்தான் என்று கண்ணுக்குத் தெரிந்ததே. குப்பமுத்து அவரைப் பெயர் சொல்லித் திட்டினார். தங்கைகள் திட்டினார்கள். சாளரி எல்லாரையும் மிஞ்சினாள்.

"கைய எடுங்க அண்ணாச்சி. ஆத்தக் கழுத்த நெரிச்சுக் கொல்லப் பாக்கீங்களா?"

பாய்க்கும் கயிற்றுக்கும் அப்பாலிருந்து மெதுவாக ஒரு குரல் கேட்டது.

"எந்த ஆறு?"

சாளரிக்கு இன்னும் கோபம் வந்தது. எந்த ஆறாம். வாழ்நாள் முழுக்க ஓடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு எந்த ஆறு என்று கேட்கிறார். அதை அப்படியே சொல்லவும் செய்தாள்.

"நான் ஆத்தப் பாத்ததே இல்ல, மக்கா," என்றார் விண்மணி. "நீ முன்னால இருக்கே, நான் பின்னால இருக்கேன். ஒன் மூச்சு என் கையில வந்து படும். சரி, அந்தப் பக்கம் ஏதோ சந்தோஷமா வருதுன்னு கையத் தளத்துவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். திடீர்னு மூச்சு நின்னு போச்சு. கூப்பிட்டுப் பாத்தேன், சத்தமில்ல. ஒடம்பு வேற விறைச்சுக் கெடக்கு. நீ செத்துப் போயிட்டேன்னு நெனைச்சேன். ஆத்தோட போயிரப்படாதேன்னுதான் இறுக்கிப் பிடிச்சிருக்கேன். கை வலிக்கி, மக்கா. ஆனா எப்படி விடுவேன்?"

குப்பமுத்து மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

சாளரி கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனை நாளாக உதட்டைக் கடித்து விழுங்கியது நினைவுக்கு வந்தது. அகலமான ஓடை, இடறாத வெள்ளம், மழை மாதிரி தானாக நடந்ததாக எல்லாரும் நினைத்தது. அத்தனையும் அவளுடைய அந்த வெட்கக்கேடான மூச்சில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தான் செத்துவிட்டதாக நினைத்து ஒருவர் தன் உடலைக் கயிறு கட்டிக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் அவரைத் திட்டியிருக்கிறாள்.

"நான் இருக்கேன், அண்ணாச்சி," என்றாள்.

"சத்தம் கேக்கி. ஆனா மூச்சு வரலியே," என்றார் அவர்.

அவள் மூச்சுவிடப் பார்த்தாள். வரவில்லை. வாயைத் திறந்து, தோளை உயர்த்தி, பெருமூச்சு விடுகிறவர்கள் செய்வதையெல்லாம் செய்து பார்த்தாள். காற்றுதான் வந்தது. அந்த மூச்சை அவளால் உண்டாக்க முடியாது. ஆறு உரசினால் தானாக வரும், அவ்வளவுதான். ஆறு உரச வேண்டுமானால் விறைப்பை விட வேண்டும். வெளியே வாசலாறு வெள்ளமாக முட்டிக்கொண்டு நிற்கிறாள். இந்த நேரத்திலா?

தங்கைகளுக்கு அவள் என்ன செய்யப் போகிறாள் என்று புரிந்துவிட்டது. வேண்டாம் என்றார்கள். வெள்ளம் வரும்போது வாசலை அடைப்பார்களா, திறப்பார்களா என்று கேட்டார்கள். ஒருத்தி, உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது, நீ கிழிந்து போவாய் என்று அழுதாள். அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. சாளரியிடம் அதற்கு எதிர்நியாயம் எதுவும் இல்லை. கை வலிக்கிறது என்று ஒருவர் சொன்ன குரல் மட்டும்தான் அவளிடம் இருந்தது.

அவள் உடம்பைத் தளர்த்தினாள்.

வாசலாறு வந்து மோதினாள். முதலில் பயங்கரமாக இருந்தது. பிறகு அந்த வேகத்துக்குள்ளே பழைய உரசல் தெரிந்தது, கேசரியின் இனிப்போடும் நெய்யோடும். பக்கத்தில் செவ்வாறும் வந்து அதே அவசரத்தோடு இடித்துக்கொண்டு போனான். எங்கோ சிலிர்த்தது. உதடு தானாகத் திறந்தது.

சின்ன மூச்சுதான். பாயைத் தாண்டிப் போகுமா என்றே அவளுக்குச் சந்தேகம். அவள் காத்திருந்தாள். முதுகுப்பக்கம் ஒரு சுண்டுவிரல் அசைந்தது. பிடியிலிருந்து அது மட்டும் விலகி, நம்பலாமா என்று கேட்பதைப் போல நின்றது.

அவ்வளவு இடம் வாசலாற்றுக்குப் போதும். சந்தில் நுழைந்து வந்தாள். இன்னும் உரசினாள். இன்னொரு மூச்சு வந்தது, இது பெரியது. இன்னொரு விரல் விலகியது. அப்புறம் ஒரு கை. சாளரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மூச்சு விட்டாள். விட விட ஓடை அகன்றது. நெரிசல் தளர்ந்ததும் அடியில் கிடந்த பாய் இற்று ஓர் ஓரத்தில் பிரிந்தது. பிரிந்த இடத்தில் ஒரு சன்னல் திறந்தது.

அந்தச் சன்னல் வழியாக முதலில் விழுந்தது கேசரியின் சர்க்கரை. முடுக்கில் அது சிந்திய சத்தம் கேட்டது. அதன் பிறகு ஓர் அமைதி. சாளரிக்கு அந்த அமைதிதான் தாங்க முடியாததாக இருந்தது. அடுப்பு ஒரேயடியாக அணைந்துவிட்டதோ?

"ஏட்டி," என்றது ஒரு தொண்டை கட்டிய குரல். "இவ்வளவு நாளு எங்கட்டி போயிருந்தே? நாங்க இங்க பட்டினி கெடக்கோம், நீ அங்க பளபளன்னு மினுக்கிட்டு இருக்கியா? வாய்க்கரிசி போட வந்தியா? இந்தச் சர்க்கரைய வச்சு நான் ஒரு உருண்டை பிடிப்பேனா, ரெண்டு பிடிப்பேனா? இன்னும் தள்ளு."

ஆறுமுகத்தம்மாள் திட்டத் திட்ட ஓடையே குளிர்ந்தது. சாளரிக்கு அதைப்போல ஒரு சங்கீதம் கேட்டதாக நினைவில்லை. அடுத்த சன்னலையும் அதற்கடுத்ததையும் திறந்தாள். இப்போது தங்கைகளுக்கும் பொறுக்கவில்லை. உனக்குப் பைத்தியம் என்று சொன்னவள்தான் முதலில் தளர்ந்தாள். அவள் மூச்சு விட்டதும் அவளுக்குப் பின்னாலிருந்த கைகளும் விலகின. மூச்சு கரை நெடுகக் கை மாறிப் போனது. எங்கெங்கோ சன்னல்கள் திறந்தன. எங்கெங்கோ அடுக்களைகளில் பாத்திரம் உருண்டது.

குப்பமுத்துவுக்குப் புதிய வேலை வந்தது. விண்மணி திரித்துக் கட்டியிருந்த கயிறுகளை அவர் ஒவ்வொன்றாக இழுத்து மெல்ல ஆரம்பித்தார். ருசி எப்படி என்று தங்கைகள் கேட்டதற்கு, உப்புக் குறைவு, மற்றபடி குற்றம் சொல்ல முடியாது என்றார். எல்லாக் கயிற்றையும் அவரால் தின்ன முடியவில்லை. ஓரிரண்டு முடிச்சுகள் சாளரியின் முதுகில் அப்படியே தங்கிவிட்டன. ஈரக்காலத்தில் அவை கொஞ்சம் இழுக்கும். சில அன்புகள் அவிழ்ந்த பிறகும் தடம் விட்டுப் போகின்றன. அதை யார் என்ன செய்ய முடியும்?

விண்மணி தன் கைகளை உதறிக்கொண்டார். ஒவ்வொரு கையையும் நீட்டி மடக்கிப் பார்த்தார். பிறகு பழையபடி, பிடிக்காமல், தொட்டும் தொடாமலும் சாளரியைச் சுற்றி வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நான் திட்டினத மனசில வச்சிக்கிடாதீங்க," என்றாள் சாளரி.

"நீ திட்டினப்பதான் எனக்கு உசிரே வந்தது, மக்கா. செத்தவ திட்ட மாட்டாளே," என்றார் அவர்.

அதற்கு அவளிடமிருந்து பெருமூச்சுதான் வந்தது. இந்தமுறை அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. குப்பமுத்து வாய் நிறையக் கயிறு வைத்திருந்ததால் கேலி செய்ய முடியவில்லை.

மண்டபத்தில் மதியப் பந்தி போட்டிருந்தார்கள். பேருக்கு உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் பூமயில் கடைசி இலையில் இடம் பிடித்திருந்தாள். பருப்பும் நெய்யும் வந்தபோது கொஞ்சம் பிசைந்தாள். சாம்பாருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வாங்கினாள். புளிசேரிக்கு இன்னும் கொஞ்சம். வயிற்றில் கட்டியிருந்த கல்லை எங்கே வைத்தோம் என்று அவளே தேடுகிற மாதிரி முகம் இருந்தது. அடைப்பிரதமன் வாளியோடு ஆள் வந்தான். வேண்டாம் என்று இலையை மறைக்கப் போன கையை அவள் மெதுவாக எடுத்துக்கொண்டாள். பப்படத்தை நொறுக்கினாள், மட்டிப்பழத்தை உரித்துப் பிசைந்தாள், ஒரு வாய் எடுத்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வாளி அடுத்த இலைக்குப் போவதற்குள் அவனை மறுபடி கூப்பிட்டாள்.

எதிர்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தம்பி மனைவி பகவதிக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். எத்தனை நாளாச்சு மைனி, நீங்க இப்படிச் சாப்பிட்டு என்றாள். என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்றும் கேட்டாள்.

பூமயில் விரலை நக்கிக்கொண்டே யோசித்தாள்.

"மருந்து என்ன மருந்து? காலையில நீ ஒரு தம்ளர் சுக்குக்காப்பி தந்தேல்லா, அது பண்ணின வேலைதான். வயித்தத் தொறந்து விட்டுட்டுது பாரு."

அந்த நேரம் சுக்கு, சாளரியின் சன்னல் ஒன்றைத் தாண்டி ஆறுமுகத்தம்மாள் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. யாருடைய சன்னல், யார் திறந்தது என்று அது கேட்கவில்லை. கிடைத்த பெருமையை மறுக்கவும் இல்லை.